கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே ஒரு சேலையும் ஒரு முழமும்

மலையில் கூடார முகாம் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அம்முகாம்களுக்கு அனுமதி தந்து சோதனையிடும் அலுவலர்களுக்கும்

சனி ஞாயிறோடு ஒரு பண்டிகை நாளும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் கொடைக்கானல் மேல்மலையிலும் ஏலகிரியிலும் ஏற்காட்டிலும் எல்லை தாண்டிக் கேரளத்துச் சூரியநெல்லியிலும் ஒரே காட்சிதான். முன்பதிவை யாரும் நிறுத்துவதில்லை. நிலம் அதே நிலம், கூடாரம் மட்டும் பெருகுகிறது. மாலை ஆறு மணிக்குப் பக்கத்துக் கூடாரம் இரண்டடி தள்ளி நிற்கும். இரவு ஒன்பதுக்கு இன்னொரு வேன் வந்து நின்றால், நடக்க விட்டிருந்த வழியிலும் நான்கு கூடாரம் எழும்பிவிடும். விடிந்ததும் தூங்காத கண்ணோடு ஒருவர் வந்து குறை சொன்னால் கிடைக்கும் பதில்: "என்ன பண்றது சார், வர்றவங்க அப்படி இருக்காங்க."

இந்தப் பதிலை இனியும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறோம். வருகிறவர்களில் முரடர்கள் உண்டு, குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டடி இடைவெளியில் படுக்கவைத்துவிட்டால் எவ்வளவு பண்பான மனிதரும் அடுத்தவருக்குத் தொல்லைதான். இருமினால் கேட்கும். பையைத் திறந்தால் கேட்கும். இரவில் எழுந்து வெளியே போனால் அடுத்தவர் கயிற்றில் கால் இடறும். முகாமில் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை, முதல் முளையை எங்கே அடிக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அந்த முளையை அடிப்பவர்கள் நீங்கள்.

நெருக்கியடித்து இருப்பது நமக்குப் புதிதில்லை. மூவர் இருக்கையில் நான்காமவருக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறோம். கல்யாண மண்டப மாடியில் ஜமுக்காளம் விரித்து முப்பது பேர் வரிசையாகப் படுக்கிறோம். ரயிலில் முன்பின் தெரியாதவர் நீட்டும் புளிசாதத்தை வாங்கிச் சாப்பிடுகிறோம். அங்கெல்லாம் ஒரு உள்கணக்கு இருக்கிறது. பேருந்தில் எல்லோரும் விழித்திருக்கிறார்கள், விளக்கு எரிகிறது, அரை மணியில் இறங்கிவிடலாம். மண்டபத்தில் படுத்திருப்பவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். கூடாரத்தில் இவை எதுவும் கிடையாது. யாரென்றே தெரியாதவருக்குப் பக்கத்தில், இருட்டில், இரவு உடையில், தாழ்ப்பாள் இல்லாத துணிக்குள் எட்டு மணி நேரம். அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், மனிதர் தம்மைச் சுற்றி வைத்துக்கொள்ளும் தூரத்தை 1960களில் வகைப்படுத்தினார். ஏறத்தாழ 45 செ.மீ.க்குள் மிக நெருங்கியவர் மட்டும், 1.2 மீட்டர் வரை நண்பர்கள், அந்நியர் அதற்கும் அப்பால். அவர் கவனித்தது அமெரிக்கர்களை. நம் அளவு இன்னும் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வைத்தாலும், தூங்குகிற ஒருவரின் தலைக்கு 60 செ.மீ. தள்ளி அந்நியர் ஒருவரின் தலை இருப்பதை எந்த ஊர்க் கணக்கும் ஏற்காது.

முதலில் கயிற்றைப் பாருங்கள். நீங்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் இருவர் கூடாரத்தின் தரை சுமார் 2.1 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். அதன் மேல் போர்த்தும் மழைத்துணியை நாலாபுறமும் இழுத்துக் கட்டும் கயிறு, சுவரிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே போய், நீங்கள் 'பெக்' என்று சொல்லும் முளையில் முடியவேண்டும். இரண்டடி இடைவெளியில் அந்தக் கயிறு போக வழியில்லை. அதனால் உங்கள் பையன்கள் கயிறே கட்டுவதில்லை. பையிலேயே சுருண்டு கிடக்கிறது. கட்டாத மழைத்துணி தொய்ந்து உள்கூடாரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு துணிக்கும் நடுவே ஒரு கையளவு காற்று ஓடினால்தான் உள்ளிருப்பவர்களின் மூச்சிலிருந்து வரும் ஈரம் வெளியேறும். ஒட்டிக்கொண்டால், அந்த ஈரமும் வெளியே பெய்யும் மழையும் சேர்ந்து உள்ளே கசியும். ஐப்பசி கார்த்திகையில் "டென்ட் ஒழுகுது" என்று வரும் புகார்களில் பல, துணியின் குறையால் வருவதில்லை. கயிறு கட்ட இடமில்லாததால் வருகிறது. பத்துக் கூடாரங்களுக்குப் புதுத் துணி வாங்கும் காசை இடைவெளியில் மிச்சம் பிடிக்கலாம். காற்று வீசும் முகட்டில் கயிறில்லாத கூடாரம் பக்கத்துக் கூடாரத்தின் மேல் சாய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெருப்பு. கூடாரத் துணியான பாலியெஸ்டரும் நைலானும் சுமார் 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிவிடும். விறகுப் பொறி ஒன்று பட்டால் ஓட்டை; கேஸ் அடுப்பின் சுடர் பட்டால் உருகிச் சொட்டும் துணி, உள்ளே இருப்பவரின் தோலில் ஒட்டும். பிரிட்டனின் கேரவன், கூடார முகாம்களில் ஒன்றுக்கொன்று ஆறு மீட்டர் என்பது நெடுநாள் வழக்கம். அது வந்ததே தீ தாவக்கூடாது என்பதற்காகத்தான். ஆறு மீட்டர் எவ்வளவு என்று அளக்க டேப் தேடவேண்டாம். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றைத் தரையில் விரித்து, அதன் முனையில் ஒரு முழம் சேர்த்தால் ஆறு மீட்டர். கொடைக்கானலும் சூரியநெல்லியும் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது. மாசியிலிருந்து சித்திரை வரை அந்தப் புல் எப்படிக் காய்ந்திருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கூடார வரிசையின் நட்ட நடுவில், காற்று வரும் திசையைப் பாராமல், கேம்ப் ஃபயர் மூட்டுகிறீர்கள். புகை காற்று போகும் பக்கம் இருக்கும் எல்லாக் கூடாரத்துக்குள்ளும் போகிறது. ஆஸ்துமா உள்ள ஒருவர் அந்தப் பக்கம் படுத்திருந்தால் அவருக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை.

ஆறு மீட்டருக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபெல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். அந்தக் கணக்கில் ஆறு மீட்டரில் பேச்சு 44க்கு இறங்கிவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வைத்திருக்கும் வரம்பு 45. கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் ஒரு குடும்ப விஷயம் பக்கத்துக் கூடாரத்துக்கு வார்த்தை வார்த்தையாகப் போகாமல் இருக்க அந்தத் தூரம் போதும். இரண்டடியில் வார்த்தை மட்டுமா, பெருமூச்சும் போகும். கூடாரத் துணி கண்ணுக்குச் சுவர். காதுக்கு ஒன்றுமே இல்லை. குழந்தை இரவில் அழுதுவிடுமோ என்று மடியில் வைத்தே உட்கார்ந்திருக்கும் தாய்மாரை எல்லா முகாமிலும் பார்க்கலாம். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை நாம் அவருடைய நல்ல பண்பாகப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம். அது நாம் அவருக்குத் தந்த தண்டனை.

ஸ்பீக்கருக்கு ஆறு மீட்டர் போதாது, எந்த மீட்டரும் போதாது. ஒரு மீட்டரில் 85 டெசிபெல் தரும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, எட்டு மீட்டரில் 67, முப்பத்திரண்டு மீட்டரில் 55. அது 45க்கு இறங்க நூறு மீட்டர் வேண்டும். மலையில் அதுவும் பற்றாது. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக நிற்கும். மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும். பகலில் கேட்காத அடுத்த மலைச்சரிவுப் பாட்டு இரவில் கேட்பது அதனால்தான். அதே விதிகளின்படி, மூடிய அரங்குகள் போன்ற விலக்குகள் தவிர, இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கியும் சத்தம் பெருக்கும் கருவியும் கூடாது. கூடார மைதானம் எந்த வகையிலும் மூடிய அரங்கு ஆகாது. "கஸ்டமர் கேட்கிறார்" என்பது விதிவிலக்குப் பட்டியலில் இல்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதில் தீங்கு அதிகம், பேச்சு குறைவு. கூடாரத்துக்குள் விளக்கு எரிந்தால் உள்ளிருப்பவரின் நிழல் துணியில் விழும், வெளியிலிருந்து முழு உருவமாகத் தெரியும். இது உள்ளே இருப்பவருக்குத் தெரிவதில்லை. வந்தவுடன் வரவேற்பில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "உடை மாற்றும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தார்ப்பாய் அறையில் மாற்றிக்கொள்ளுங்கள்." அந்த அறை பல முகாம்களில் இல்லை. நான்கு கம்பி, ஒரு தார்ப்பாய், உள்ளே ஒரு கொக்கி, காலில் மண் ஒட்டாமல் நிற்க ஒரு பலகை, அவ்வளவுதான் செலவு. மாறாக, கம்பத்தின் உச்சியில் ஃபோகஸ் லைட் ஒன்றைக் கட்டி விடிய விடிய எரியவிடுகிறீர்கள். பாதுகாப்புக்காக என்கிறீர்கள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் உள்ளே ஒருவர் கண்மூட முடியாது. கம்பத்துக்கு அப்பால் இருட்டு இன்னும் கறுத்துப்போகும், அங்கே நிற்பது ஆளா மாடா என்று தெரியாது. முழங்கால் உயரத்தில் கீழ்நோக்கி எரியும் மஞ்சள் விளக்குகளைக் கழிப்பறை வழி நெடுக வைத்தால் காலுக்கு வழி தெரியும், யார் முகத்திலும் அடிக்காது.

கழிப்பறைக்குப் போகும் வழி அடுத்தவர் வாசல்களைத் தாண்டிப் போகக்கூடாது. மைதானத்தின் ஒரு ஓரமாக அதற்கென்று வழி விட்டு, கூடாரங்களைச் செங்கல் அடுக்குவதுபோல் வரிசை மாற்றி நிறுத்தினால் இது தானாக அமையும். வாசல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்காது. எல்லா வாசலும் காற்றுக்கு முதுகு காட்டி ஒரே பக்கம் திறக்கும். பலர் இரவில் கழிப்பறைக்கே போவதில்லை. பத்துப் பேர் தலைமாட்டைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு, குறிப்பாகப் பெண்கள், மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஆண்கள் வேலிக்கு வெளியே ஒதுங்குகிறார்கள். யானையும் காட்டெருமையும் நடமாடும் ஊரில் வேலிக்கு வெளியே இருட்டில் ஒதுங்குவது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கவந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்த பிறகு எத்தனை முகாம்கள் மூடப்பட்டன என்பதும் தெரியும்.

இனி உங்கள் ஆட்களைப் பற்றி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் அதே ஊர்ப் பையன்கள், நள்ளிரவு வரை பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு எழுகிறவர்கள். யாரும் சொல்லித்தராததால் செய்கிறார்கள். சூரியநெல்லிக்கு மேலுள்ள கொழுக்குமலையில் விடியல் பார்க்க நான்கு மணி ஜீப் என்றால், மூன்றரைக்கே ஹாரன். எழுப்ப வேண்டியது ஆறு பேரை. எழுவது அறுபது பேர். கூடாரத் துணியைத் தட்டுவது, ஜிப்பைத் திறந்து டார்ச் அடித்து "சார், ஜீப் வந்துடுச்சு" என்பது எல்லாம் பூட்டிய வீட்டுக் கதவைத் திறந்து படுக்கையறைக்குள் எட்டிப்பார்ப்பதற்குச் சமம். கூடாரத்துக்குக் காலிங் பெல் இல்லை என்பதால் முறையும் இல்லை என்றாகிவிடாது. வாசலிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்கவேண்டும். டார்ச் தரையைப் பார்க்கவேண்டும். பதிவில் இருக்கும் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டுக் காத்திருக்கவேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு முறை. ஜிப்பில் கை வைக்கும் உரிமை உள்ளே இருப்பவருக்கு மட்டும், தீ, மருத்துவ அவசரம் தவிர. பயத்தில் சிலர் இரண்டு ஜிப் இழுவைகளையும் சேர்த்து உள்ளேயிருந்து சிறு பூட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். தீப்பிடித்தால் அந்தப் பூட்டு உயிரை எடுத்துவிடும். பூட்டாதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு வாய் வரவேண்டுமானால், பூட்டத் தேவையில்லாத முகாமாக முதலில் அது இருக்கவேண்டும்.

கேம்ப் ஃபயரைச் சுற்றி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் எழுந்து பெயர், ஊர், வேலை, யாரோடு வந்தீர்கள் என்று சொல்லவைக்கும் வழக்கமும் பரவிவிட்டது. தனியாக வந்திருக்கும் ஒரு பெண், தான் தனியாக வந்திருப்பதை நாற்பது அந்நியருக்கு அறிவித்துவிட்டு, அவர்களுக்கு நடுவில் துணிக்குள் தூங்கப் போகவேண்டும். ஆட மறுத்தால் கையைப் பிடித்து இழுப்பது, அதையெல்லாம் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தின் விளம்பர ரீல்ஸுக்காகப் படமெடுப்பது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. பொது இடத்தில் இருப்பதாலேயே அந்த உரிமை ஒருவரை விட்டுப் போய்விடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. யாரும் தன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்பியிருக்கும் தனிமையில் அவரைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்படி குற்றம். முகாமின் தலைக்கு மேல் டிரோன் பறக்கவிடுகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

ஆறு மீட்டர் விட்டால் கட்டுப்படியாகாது என்பீர்கள். கணக்கைப் போட்டே பேசுவோம். ஆறு மீட்டர் இடைவெளியில் ஒரு கூடாரத்துக்குத் தேவைப்படும் நிலம் சுமார் 61 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை சென்ட். சமையற்கட்டு, கழிப்பறை, வண்டி நிறுத்தம் போக 25 சென்ட் சமதளம் உங்களிடம் இருந்தால் 16 கூடாரம் நிற்கும். இரண்டடி விட்டால் அதே நிலத்தில் காகிதக் கணக்குக்கு 178 வரும். ஆசை எங்கே பிறக்கிறது என்று புரிகிறது. ஆனால் அந்த 178இல் தங்கிப்போனவர் திரும்ப வருவதில்லை. கேட்பவரிடமெல்லாம் போகாதே என்கிறார். ஒரே குடும்பமும் ஒரே நண்பர் குழுவும் பக்கம் பக்கமாகத்தான் இருக்க விரும்புவார்கள். அவர்களுக்கு மூன்று மூன்றாகச் சேர்த்து, நடுவே மூன்று மீட்டர் விட்டு, அடுத்த குழுவுக்கு ஆறு மீட்டர் தள்ளி நிறுத்தினால் 16 என்பது 20ஐத் தாண்டும். விடுமுறை நாளில் கட்டணத்தைக் கூட்டுங்கள். கொடுப்பார்கள். தூக்கத்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள்தான் மலைக்கு வருகிறார்கள்.

உரிமையாளர்களிடம் கேட்பது இது. அடுத்த கோடை விடுமுறைக்கு முன்னால் உங்கள் மைதானத்தில் முளை அடிக்கும் புள்ளிகளைச் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். புள்ளி தீர்ந்தால் பதிவும் தீர்ந்தது. இரவு ஒன்பதுக்கு வரும் வேனைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது கூடாரமல்லாத தங்கும் அறை ஒன்றுக்கு அனுப்புங்கள். நெருப்புக் குழியைக் கூடாரங்களிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, காற்று போகும் பக்கம் வையுங்கள். அருகில் இரண்டு வாளி மணல். ஸ்பீக்கரை வரவேற்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டு காலையில் திருப்பிக் கொடுங்கள். பத்து மணிக்கு ஃபோகஸ் லைட்டும் ஜெனரேட்டரும் அணையட்டும். உடை மாற்றும் அறை ஒன்று, உள்ளே தாழ்ப்பாளும் மூடியுள்ள குப்பைக்கூடையும் கொண்ட கழிப்பறை பத்துப் பேருக்கு ஒன்று வேண்டும். தனியாக வருகிறவரை முன்பே கேட்டுச் சம்மதம் பெறாமல் வேறொருவரோடு ஒரே கூடாரத்தில் போடாதீர்கள். படமெடுக்கும் முன் கேளுங்கள். வட்டத்தில் உட்காராதவரை விட்டுவிடுங்கள்.

அலுவலர்களிடம் கேட்பது: அனுமதி தரும்போது நபர் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், நிலப்பரப்பின்படி கூடாரங்களின் உச்ச எண்ணிக்கையையும் கூடாரங்களுக்கு இடையிலான தூரத்தையும் எழுதுங்கள். அந்த எண்ணை முகாம் வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலகையாக வைக்கச் சொல்லுங்கள். வருகிறவரே எண்ணிப் பார்த்துக்கொள்வார். சோதனைக்குச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போகவேண்டாம். நீண்ட விடுமுறையின் சனிக்கிழமை இரவு பத்தரைக்கு, ஒரு டேப்பும் ஒரு ஒலிமானியும் எடுத்துக்கொண்டு போங்கள். மீறிய முகாமுக்கு அந்த இரவே எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள். இரண்டாம் முறை மீறினால் அடுத்த விடுமுறைக்கு அனுமதி வேண்டாம். இரவில் குறை சொல்ல விரும்புகிறவர் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்காமல் எடுத்துப் பேசும் ஒரு எண்ணை அந்தப் பலகையிலேயே எழுதச் செய்யுங்கள்.

மலையில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள் சார்பில்